அந்த ‘இதர’ யாருங்க?
லாரி வாடகைக்கு மேல் பிடிக்கிற பணம்: தெரிந்துகொள்வோம்! தட்டிக் கேட்போம்!

(விளக்கக் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பறிப்பு நேரம். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேரா விஷயத்துக்கு வருகிறோம்.

நமது சங்கத்துக்கு ஒரு சீட்டு வந்தது. ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து உறுப்பினர் கொண்டுவந்தார். சென்னையில் ஒரு மண்டிக்குத் தக்காளி அனுப்பியிருக்கிறார். வண்டி பிடித்துக் கொடுத்ததும் மண்டிக்காரரின் ஆள்தான். "வாடகை 9,000 ரூபாய்ங்க அண்ணா, சரக்கு வித்ததும் கழிச்சிக்குவோம்" என்று சொல்லியிருக்கிறார். இவரும் தலையாட்டிவிட்டார். நாமெல்லாம் செய்வது அதுதானே?

சரக்கு 100 பெட்டி. பெட்டிக்கு 25 கிலோ. மொத்தம் 2,500 கிலோ. கிலோ 12 ரூபாய்க்குப் போனது. ஆக 30,000 ரூபாய். இதிலிருந்து பிடித்ததைப் படிக்கிறோம், கவனமாகக் கேளுங்கள்.

வண்டி வாடகை 9,000.
டோல்கேட் 1,160.
ஊரில் ஏற்றுக்கூலி 500.
மார்க்கெட்டில் இறக்குக்கூலி 800.
பெட்டி வாடகை 600.
வெயிட்டிங் 1,500.
ஜி.எஸ்.டி. 450.
கமிஷன் 3,000.
எடைக்கழிவு 1,200.
இதர 700.

கூட்டினால் 18,910 ரூபாய். கைக்கு வந்தது 11,090. கிலோவுக்கு நாலரை ரூபாய் கூட இல்லை! இதில் பறிப்புக் கூலி 4,200 கொடுத்தாக வேண்டும். மிச்சம் 6,890. நாற்று, குச்சி, கயிறு, உரம், மருந்து எல்லாம் இதற்குள்ளே அடங்கணும். அடங்குமா?

அந்த வீட்டு அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள். கடைசி வரியில் விரலை வைத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: "அந்த ‘இதர’ங்கிறவர் யாருங்க? நம்ம தோட்டத்துல ஒரு நாள் கூட வேலை செஞ்சதில்லையே! அவருக்கு எதுக்கு எழுநூறு ரூபாய்?"

தோழர்களே! இந்தக் கேள்விக்காகத்தான் இன்றைக்கு இந்தக் கூட்டம். விலை விழுந்தால் நாம் கத்துகிறோம், ரோட்டில் கொட்டுகிறோம். ஆனால் விலை விழாத நாளிலும் சீட்டுக்குள்ளே நம்ம வெள்ளாமை ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஓட்டை எங்கே என்று தெரிந்தால்தானே அடைக்க முடியும்?

மூன்று குவியல்

வாடகைக்கு மேல் பிடிக்கிற எல்லாமே திருட்டு என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது நியாயமும் இல்லை, நாளைக்கு நமக்கு வண்டியும் வராது. தக்காளியைத் தரம் பிரிக்கிற மாதிரி, பிடித்தத்தையும் மூன்று குவியலாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் குவியல்: நாம் கொடுக்க வேண்டியது. பேசிய வாடகை, நம் சரக்குக்காகக் கட்டிய டோல், உழைத்த தொழிலாளிக்கு ஏற்று இறக்குக் கூலி.

இரண்டாவது குவியல்: முன்கூட்டிப் பேசித் தீர்க்க வேண்டியது. வெயிட்டிங், டிரைவர் பேட்டா, பெட்டி வாடகை, வண்டி காலியாகத் திரும்புகிற செலவு, டீசல் ஏற்றம்.

மூன்றாவது குவியல்: நம் தலையில் கட்டவே கூடாதது. இல்லாத வரி, அடுத்தவர் செய்த தவறுக்கான அபராதம், பெயரில்லாத ‘இதர’.

கமிஷனும் எடைக்கழிவும் வண்டிச் செலவே இல்லை. அது மண்டிக் கணக்கு. அதற்குத் தனியாக ஒரு போராட்டம் இருக்கிறது. இன்றைக்கு வண்டிக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

ஜி.எஸ்.டி. எங்கிருந்து வந்தது?

2017 ஜூலை 1 முதல் நாட்டில் ஜி.எஸ்.டி. இருக்கிறது. ஆனால் விளைபொருளை வண்டியில் கொண்டுபோகிற வாடகைக்கு அந்த வரி கிடையாது. விளைபொருளை ஏற்றுவது, இறக்குவது, மூட்டை கட்டுவது, குடோனில் வைப்பது இவற்றுக்கும் கிடையாது. விளைபொருளை விற்றுக் கொடுக்கிற கமிஷனுக்கும் கிடையாது. தக்காளி, கத்தரி, நெல், கடலை என்று நம் நிலத்தில் விளைந்ததை அப்படியே அனுப்பினால் இதுதான் சட்டம். கடலையை எண்ணெயாக ஆட்டி அனுப்பினால் கணக்கு வேறு.

இன்னொன்று. ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லாதவர் யாரிடமும் அந்த வரியை வாங்கவே கூடாது. அதனால் சீட்டில் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "உங்க நம்பர் என்னங்க? தக்காளி வாடகைக்கு எந்தச் சட்டத்துல வரி?" பாதிப் பேர் அப்போதே அந்த வரியை அடித்துவிடுவார்கள்.

டோல்கேட் கணக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்குப் போனால் வாணியம்பாடி, பள்ளிகொண்டா, வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் என்று வழியெல்லாம் டோல்கேட். இந்தப் பணம் உண்மையிலேயே போகிறது. ஆனால் எவ்வளவு போகிறது என்று நமக்குத் தெரிய வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008-இல் வந்தவை. அதன்படி ஒரு டோல்கேட்டைக் கடந்து 24 மணி நேரத்துக்குள் அதே வண்டி திரும்பினால், போகவரக் கட்டணம் இரண்டு மடங்கு இல்லை, ஒன்றரை மடங்குதான். பாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயம் ஆனது. ஒவ்வொரு டோல்கேட்டிலும் பணம் கழியும்போது வண்டிக்காரர் போனுக்கு மெசேஜ் வரும். எனவே ரசீது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் உறுப்பினரின் சரக்கை ஏற்றிய டிரைவர் பக்கத்து ஊர்க்காரர். போய்க் கேட்டோம். மறைக்காமல் போனைக் காட்டினார். போகும்போது 580, திரும்பும்போது அதில் பாதி 290. மொத்தம் 870. சீட்டில் பிடித்தது 1,160. போக 580, வர 580 என்று மண்டியில் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். 290 ரூபாய் காற்றில் போனது.

பாஸ்டேக்கில் பணம் போடாமல் வந்து கூடுதலாகக் கட்டினால், அந்தக் கூடுதல் வண்டிக்காரர் பொறுப்பு. திரும்பி வரும்போது அந்த வண்டி வேறு சரக்கு ஏற்றி வந்தால், திரும்பும் டோலும் நம் கணக்கில் வராது. அது அந்தச் சரக்குக்காரர் கணக்கு. ஏற்றும்போதே கேட்டுவிடுங்கள்: "இது போகவர வாடகையா, போற வாடகை மட்டுமா? ரிட்டர்ன் லோடு இருக்கா?"

வெயிட்டிங்: யார் நிறுத்தினாரோ அவர் கொடுக்கட்டும்

வண்டி ராத்திரி 1 மணிக்கு மார்க்கெட் போய்விட்டது. இறக்கியது காலை 10 மணிக்கு. ஏன்? மண்டியில் பழைய சரக்கு கிடந்தது, இறக்க இடமில்லை. இது விவசாயி குற்றமா? நாம் பறித்து முடிக்காமல் வண்டியைத் தோட்டத்தில் நாலு மணி நேரம் நிறுத்தினால் வெயிட்டிங் நாம் கொடுக்க வேண்டியதுதான். அதை மறுக்கவில்லை. ஆனால் மண்டியில் நின்றதற்கு மண்டிதான் கொடுக்கணும்.

அந்த டிரைவர் இன்னொரு விஷயமும் சொன்னார்: "வெயிட்டிங்னு 1,500 பிடிச்சாங்களா? என் கைக்கு வந்தது 500தாங்க!" பார்த்தீர்களா? நம்மிடம் டிரைவர் பெயரைச் சொல்லி வாங்கியது டிரைவருக்கும் போகவில்லை.

டீசல் ஏறிடுச்சுங்க!

இதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு முழுதாகக் கைவிட்டது. அதிலிருந்து விலை ஏறினால் வாடகை ஏறுகிறது. சரி. 2021 நவம்பரில் டீசலுக்கு லிட்டருக்கு 10 ரூபாய் கலால் வரி குறைந்தது. 2022 மே மாதம் இன்னும் 6 ரூபாய் குறைந்தது. அன்றைக்கு உங்கள் ஊரில் எத்தனை பேர் வாடகையைக் குறைத்தார்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

கணக்குப் போடுவோம். போகவர 560 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடினால் 70 லிட்டர் டீசல். லிட்டருக்கு 2 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 140 ரூபாய். 140 கேட்டால் கொடுப்போம். "டீசல் ஏறிடுச்சு, ஐநூறு சேர்த்துக் கொடுங்க" என்றால் இந்தக் கணக்கை எடுத்து நீட்டுங்கள்.

பாரம் அதிகமானால் அபராதம் யாருக்கு?

2019 செப்டம்பர் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் பல மடங்கு கூடிவிட்டது. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகப்படி சரக்கை வழியிலேயே இறக்குகிற செலவும் சேரும். தக்காளியை வெயிலில் ரோட்டோரம் இறக்கினால் அப்புறம் விற்க என்ன இருக்கும்?

வண்டி எத்தனை டன் தாங்கும் என்பது வண்டி வைத்திருப்பவருக்குத் தெரியும். அவரே இன்னொருவர் சரக்கையும் சேர்த்து ஏற்றி மாட்டிக்கொண்டால் நாம் பங்கு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் தோழர்களே, நம் பக்கத்துத் தவறையும் பேசணும். "இன்னும் பத்துப் பெட்டி வச்சுக்கோ தம்பி" என்று கெஞ்சுவதும் நாம்தான். குட்டி யானையில் ஈச்சர் சரக்கை ஏற்றச் சொல்லாதீர்கள்.

லாரி ஆபீசில் போடுகிறவர்களுக்கு

முழு வண்டி பிடிக்காமல் பத்து மூட்டை மிளகாய், ஐந்து மூட்டை மஞ்சள் என்று லாரி ஆபீசில் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். அங்கே வேறு பெயர்கள் வரும். எல்.ஆர். கட்டணம் என்றால் ரசீது போடுகிற காசு. டோர் டெலிவரி என்றால் ஆபீசில் வைக்காமல் கடை வாசல் வரை கொண்டுபோகிற காசு. டெமரேஜ் என்றால் போய்ச் சேர்ந்த சரக்கை உடனே எடுக்காததற்குக் குடோன் வாடகை. மிளகாய் மாதிரி எடை கம்மி, இடம் அதிகம் என்கிற சரக்குக்கு எடையைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்து வாடகை போடுவார்கள். எந்தக் கணக்கு என்று முதலிலேயே கேளுங்கள்.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இல் நிறைவேறி 2011 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. அதன்படி லாரி ஆபீஸ் பதிவு பெற்றிருக்க வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும். சரக்கின் மதிப்பை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ, பொதுவாக அவர்கள் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு வரைதான். அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்புக்கு மேல் போகாது. 500 ரூபாய் வாடகைக்கு 40,000 ரூபாய் சரக்கு போட்டால் கிடைக்கக்கூடியது 5,000. அதற்கு மேல் பொறுப்பு வேண்டுமானால் முதலிலேயே பேசி, அதற்கான கட்டணம் கொடுத்து, ரசீதில் எழுதி வாங்க வேண்டும். நஷ்டம் என்றால் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாய்ச் சண்டை போட்டுக்கொண்டே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டால் கோர்ட்டு வாசலில் நிற்க முடியாது.

ரசீதில் ‘ஓனர் ரிஸ்க்’ என்று அச்சடித்திருப்பார்கள். பல பேர் லாரி ஓனர் பொறுப்பு என்று நினைத்து நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறோம். இல்லை! சரக்கின் ஓனர், அதாவது நாம்தான் பொறுப்பு என்று அர்த்தம். கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியைப் பாருங்கள்.

டிரைவர் நமக்கு எதிரி இல்லை

இதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 2018 ஜூலையில் நாடு முழுக்க லாரி உரிமையாளர்கள் எட்டு நாள் வண்டியை நிறுத்தினார்கள். கோரிக்கை என்ன? டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம். நம்மைப் பிழிகிற அதே டீசலும் டோலும்தான் ஒரு வண்டி வைத்துப் பிழைக்கிறவரையும் பிழிகிறது. சுமை தூக்குகிற தொழிலாளியும் முதுகை விற்றுத்தான் சாப்பிடுகிறார். அவர் கூலியைக் குறைத்து நாம் பிழைக்க வேண்டாம். நம் சண்டை உழைத்தவரோடு இல்லை. உழைத்தவர் பெயரை எழுதி, அவருக்கும் கொடுக்காமல், நமக்கும் காட்டாமல் நடுவில் நிற்கிற கணக்கோடுதான் நம் சண்டை.

சரி, என்ன நடந்தது?

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நம் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் மண்டிக்குப் போனோம். சத்தம் போடவில்லை. வரிவரியாகக் கேட்டோம். ஜி.எஸ்.டி. 450, டோல் 290, வெயிட்டிங் 1,500, இதர 700. மொத்தம் 2,940 ரூபாய். கைக்கு வந்த பணத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல்!

முதலில் "எல்லாருக்கும் இப்படித்தாங்க போடறோம்" என்றார்கள். "அதைத்தாங்க கேக்க வந்தோம்" என்றோம். ‘இதர’ என்றால் என்ன என்று கேட்டதற்கு ஒருவர் டீ செலவு என்றார், ஒருவர் பேட்டா என்றார், ஒருவர் வழிச் செலவு என்றார். பேட்டா வாடகையிலேயே சேர்ந்தது என்று டிரைவர் போனில் சொன்னார். கடைசியில் ஜி.எஸ்.டி., டோல், இதர மூன்றும் சேர்த்து 1,440 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெயிட்டிங் 1,500 இன்னும் வரவில்லை. "பாக்கலாம்" என்கிறார்கள். நாமும் பார்க்கத்தான் போகிறோம்.

1,440 ரூபாய் பெரிய பணமா என்று கேட்கலாம். அந்தக் குடும்பம் அடுத்த லோடு அனுப்பியபோது சீட்டில் ‘இதர’ என்ற வரியே இல்லை. அதுதான் பெரிது.

ஏற்றுவதற்கு முன் ஏழு கேள்வி

1. வாடகை எவ்வளவு? போகவரவா, போக மட்டுமா?
2. டோல் வாடகைக்குள்ளேயா, தனியா? தனி என்றால் மெசேஜ் காட்டுவீர்களா?
3. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி பெட்டிக்கு எவ்வளவு? யார் கொடுப்பது?
4. எத்தனை மணி நேரம் வரை வெயிட்டிங் இல்லை? அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு? மண்டியில் நின்றால் யார் கொடுப்பது?
5. பேட்டா வாடகையில் சேர்ந்ததா?
6. பெட்டி யாருடையது? வாடகை எத்தனை நாளைக்கு?
7. வேறு ஏதாவது உண்டா? இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பிறகு சொன்னால் செல்லாது.

பதிலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதி, வண்டி நம்பர், பெட்டிக் கணக்குப் போட்டு டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வண்டி பிடித்துக் கொடுத்த ஆளும் கையெழுத்துப் போடட்டும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

ஒருத்தர் மட்டும் கேட்டால் "வேற வண்டி பாத்துக்குங்க" என்பார்கள். ஊரே கேட்டால்? ஐந்து பேர் சேர்ந்து ஒரே வண்டி பிடித்தால், பேரம் பேசுகிற இடத்தில் நாம் இருக்கிறோம். கொஞ்சமாக விளைகிறவர்கள் பக்கத்து உழவர் சந்தையையும் மறந்துவிடாதீர்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய அந்தச் சந்தைகளில் கமிஷன் கிடையாது, கடை வாடகை கிடையாது. தூரத்து விலை பெரிசாத் தெரியும். வண்டிச் செலவைக் கழித்துப் பார்த்தால் சில நாள் பக்கத்து விலையே லாபம்.

நமது கோரிக்கைகள்

மார்க்கெட் நிர்வாகமும் அரசும் செய்ய வேண்டியது:

* ஒவ்வொரு பிடித்தத்துக்கும் பெயர், அளவு, காரணம் போட்ட தமிழ்ச் சீட்டு கட்டாயம் ஆக வேண்டும். ‘இதர’ என்ற வரி செல்லாது என்று அறிவிக்க வேண்டும்.
* ஏற்று இறக்குக் கூலி விவரத்தை மார்க்கெட் வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கூலி முழுதும் சுமைப்பணித் தொழிலாளிக்குச் சேர வேண்டும்.
* மண்டியில் இடமில்லாமல் நிற்கும் வண்டிக்கான வெயிட்டிங்கை மண்டியே ஏற்க வேண்டும்.
* விளைபொருள் வாடகையில் ஜி.எஸ்.டி. பிடித்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
* காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்குச் சுங்கக் கட்டணத்தை ரத்து செய்ய வேண்டும்.
* மார்க்கெட்டில் புகார் வாங்க ஓர் அலுவலர் ராத்திரியிலும் இருக்க வேண்டும். நம் சரக்கு போய்ச் சேர்வது ராத்திரியில்தான்.

அருமைத் தோழர்களே! வீட்டுக்குப் போனதும் பழைய சீட்டுகளைத் தேடி எடுங்கள். பரணில் கிடக்கும், சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கும். எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம். ஒவ்வொரு வரியிலும் அந்தத் தாய் கேட்ட கேள்வியையே கேட்போம்: இவர் யாருங்க? நம்ம தோட்டத்துல என்ன வேலை செஞ்சார்?

வேலை செய்தவருக்குக் கூலி கொடுப்போம்! செய்யாத ‘இதர’வுக்கு ஒரு காசும் கொடுக்க மாட்டோம்!

சீட்டைக் கேட்போம்! கணக்கைக் கேட்போம்! சேர்ந்தே கேட்போம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!